இருட்டாக இருக்க வேண்டிய குழாய்

குமுதா நீல விளக்கைப் போட்டாள்.

இருட்டாக இருக்க வேண்டிய மூன்று சோதனைக் குழாய்களும் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தன.

அவள் உருவாக்கிய பாக்டீரியாவில் ஒரு ஜீன் தூங்கிக்கொண்டிருக்கும். பால் சர்க்கரை பட்டால்தான் அது விழிக்கும். செல் பச்சையாக ஒளிரும். இந்தக் குழாய்களில் ஊற்றிய மீடியத்தில், அதாவது வளர்ப்புக் கரைசலில், இருப்பதோ வெறும் குளுக்கோஸ். அப்புறம் ஏன் இந்தக் கூத்து?

அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் கமலநாதன் போன மாதமே எச்சரித்திருந்தார். இன்னொரு தடவை சொதப்பினால் ஸ்காலர்ஷிப் அவ்வளவுதான். சொந்த ஊர் கிள்ளானுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஐயோ முருகா!

சட்டென்று பொறி தட்டியது. காலையில் அவள் லேப்புக்குள் நுழைந்தபோது, அவள் மேசையிலிருந்து ஒரு மீடியம் பாட்டிலை எடுத்துக் கோட்டுக்குள் மறைத்தபடி நழுவினானே அந்தக் குரு! கூடவே படிக்கிறவன். படுபாவி!

கதவு திறந்தது. டாக்டர். பின்னாலேயே குரு.

"என்ன குமுதா, இது ஏன் ஒளிருது?"

அவளுடைய பயமே பேசியது.

"நான் ஒண்ணும் பண்ணல டாக்டர்! குருதான்... காலையில என் பாட்டில எடுத்து ஒளிச்சு வெச்சான். நான் பார்த்தேன்!"

டாக்டர் திரும்பினார். "உண்மையா?"

குரு தலையைச் சொறிந்தான்.

"ஆமா டாக்டர். இவங்க மீடியம் தீர்ந்துடுச்சேன்னு நான்தான் புதுசா கலந்து வெச்சேன். குளுக்கோஸ்னு நெனச்சு பால் சர்க்கரையை அள்ளிப் போட்டுட்டேன். சாரி."

"மூணு வருஷமா இங்க இருக்கிறவன் பண்ற வேலையா இது? சிங்கப்பூர் மாநாட்டுக்கு நீ போக வேணாம்."

டாக்டர் விறுவிறுவென்று போய்விட்டார்.

குமுதாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"பயந்தே செத்திருப்பேன், குரு! ஏன் இப்படிப் பண்ணே?"

"விடு லா. வேற மீடியம் கலந்துக்க." அவனும் போய்விட்டான்.

கரித்துக்கொட்டியபடியே புது பாட்டில் தேடினாள். குருவின் மேசைக்கு அடியில், சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த ஒரு பாட்டில் தெரிந்தது. மறைத்த பாட்டில் இதுதான்!

யார் கலந்தார், என்ன கலந்தார், என்றைக்கு என்று எழுதி ஒட்டாமல் அந்த லேப்பில் எதையும் வைக்க முடியாது. எடுத்துத் திருப்பினாள்.

தைப்பூசத்துக்கு மறுநாள் தேதி. விடிய விடிய பத்துமலையில் பால்குடம் சுமந்துவிட்டு, சொருகிய கண்ணோடு அவள் லேப்புக்கு வந்து அந்த மூன்று குழாய்களையும் நிரப்பிய நாள்.

தேதிக்குக் கீழே அவளுடைய கோணல் கையெழுத்து: 'பால் சர்க்கரை. கலந்தது: குமுதா.'