ஹெல்மெட்டோடு ஒரு சொற்பொழிவு

"ஐயா, சவரிமுத்து வாத்தியார் ஆள் திரட்டுறாராம்! சாயங்காலம் உங்க கூட்டத்துக்கு வேன் வெச்சு வாராகளாம்!"

மன்றத்துக் காவலாளி காசி போனில் சொன்னதும் ஞானசம்பந்தத்துக்குப் பயமாக இருந்தது. கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தன் பேச்சுக்கும் எதிர்ப்பு வருகிறதே!

அவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். காரைக்குடியில் அன்று மாலை அவர் பேசப்போகும் தலைப்பு, 'கிறிஸ்து பிறந்த கதை: வரலாறு என்ன சொல்கிறது?' டிசம்பர் மாதமாகப் பார்த்து வைத்த வேட்டு அது. சவரிமுத்து அதே பள்ளியில் தமிழ் நடத்தியவர். இப்போது சர்ச்சில் பாட்டுக் குழுவைக் கட்டி மேய்க்கிறார்.

போன வருடம் இதே மன்றத்தில் ஞானசம்பந்தம் பேசியபோது மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மைக் செட்காரர். இந்தத் தடவையும் கூட்டம் வராவிட்டால், புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதாக வீட்டில் சபதமே செய்திருந்தார்.

"அடிக்க வாராகளோ இல்லையோ, கேக்க யாரு வருவாக?" என்றாள் மனைவி நாச்சியம்மை. "இன்னைக்குப் பிள்ளையார் நோன்பு. நம்ம வீடுகள்ல எல்லாரும் கூடி, எரியுற திரியை மாவோட வாயில போட்டு இழை எடுத்துக்குற நேரம். காலண்டரப் பாத்துத் தேதி வெக்கக் கூடாதா?"

"நான் என்ன நாள், நட்சத்திரம் பாக்குறவனா?"

"சரி சரி. மாவுல திரியேத்தி வெச்சிருப்பேன். எட்டு மணிக்குள்ள வந்து வாயில போட்டுக்கங்க."

"அதெல்லாம் வந்துருவேன்" என்றார் பகுத்தறிவாளர்.

மன்றம் அடுத்த தெருதான். நடந்தே போகலாம், போனார். ஆனாலும் கையில் ஹெல்மெட் இருந்தது.

உள்ளே நுழைந்தவருக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. நாற்காலி அத்தனையும் நிறைந்து, ஓரத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் தெரியாத முகங்கள். அவரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதல் வரிசையில் சவரிமுத்து, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

'இதில் கலகம் பண்ண வந்தவர்கள் எந்தப் பக்கம்?' என்று துழாவிக்கொண்டே, ஹெல்மெட்டை மேசையில் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஞானசம்பந்தம் ஆரம்பித்தார்.

"கிறிஸ்து கதையை முதல்ல எழுதினவர் பிறப்பைப் பத்தி ஒரு வரி எழுதல! பின்னால எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் ஞானிகளை அனுப்புறார், இன்னொருத்தர் ஆட்டிடையர்களை அனுப்புறார். ஒருத்தர் கதையில ஏரோது ராஜா குழந்தையைத் தேடுறான். இன்னொருத்தர் கதையில பிறந்தப்ப நடந்த குடிமக்கள் கணக்கெடுப்பு, அந்த ஏரோது செத்துப் பத்து வருசம் கழிச்சு எடுத்தது! டிசம்பர் இருபத்தஞ்சா? அது முந்நூறு வருசம் கழிச்சு ஏற்பட்ட வழக்கம்!"

நடுவில் ஒரு பெரிய மீசைக்காரர் எழுந்தார். ஞானசம்பந்தத்தின் கை தானாக ஹெல்மெட்டுக்குப் போனது.

"ஐயா, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. பின்னால இருக்கவுகளுக்குக் கேக்கலையாம்."

போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

"நேர்ல பாத்தவுக யாரு? ஒருத்தர் சொல்லி, இன்னொருத்தர் கேட்டு, எழுபது எம்பது வருசம் கழிச்சு எழுதினது! காதுல விழுந்ததையெல்லாம் நம்புறவன் வரலாறு படிக்கவே லாயக்கில்லாதவன்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் 'ஆமென்' என்றார்கள். நையாண்டி போலிருக்கிறது என்று ஞானசம்பந்தம் ரசித்துச் சிரித்தார்.

இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டார். "நாற்காலி பத்தல நாச்சியம்மை! நோன்பாம் நோன்பு! ஊரே திருந்திருச்சு!"

அப்படியே சவரிமுத்துவிடம் வந்தார். வெற்றி பெற்றவருக்கு நக்கல் வராமல் இருக்குமா?

"என்ன சார், ஆள் திரட்டினீகளாமே? ஒருத்தரையும் காணோம். பயந்துட்டாகளா?"

"வந்திருந்தாகளே சார்."

"எங்குட்டு?"

"முதல் வரிசையிலேருந்து கடைசி வரிசை வரைக்கும்."

வாசலில் வேன் நின்றது. மீசைக்காரர் கழுத்தில் டிரம்மை மாட்டிக்கொண்டு ஏறினார். பின்னாலேயே மற்றவர்கள் ஏறினார்கள்.

ஞானசம்பந்தத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப... எங்க ஆளுக?"

"எல்லாரும் வீட்டுல நோன்புல இருப்பாகள்ல. நோட்டீஸ்ல தேதியப் பாத்ததுமே விளங்கிருச்சு. அதான் பாட்டுப் பயிற்சிய இன்னைக்கு நிறுத்திட்டு எல்லாரையும் கூட்டியாந்தேன். போன வருசம் காலி நாற்காலிகளப் பாத்துப் பேசிட்டுப் போனீகன்னு கேட்டப்பவே மனசுக்கு என்னமோ போல இருந்துச்சு."

ஞானசம்பந்தம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மணி நேரமா உங்க சாமி கதையத்தான சார் கிழிச்சேன்? அதுக்கு நீங்களே ஆள் சேத்துவிட்டீகளா?"

சவரிமுத்து அவர் தோளில் கை வைத்தார்.

"நம்மள எதுத்துப் பேசுறவுகளுக்கும் நல்லது செய்யணும்னு அவர் சொன்னதா எங்ககிட்ட ஒரு பேச்சு இருக்கு சார். அவரே சொன்னாரா, பின்னால வந்தவுக சேத்துவிட்டாகளா, எனக்குத் தெரியாது. நீங்க நல்லா ஆராய்ஞ்சு சொல்லுங்க. அதுவரைக்கும் நாங்க செஞ்சுக்கிட்டு இருக்கோம்."