டேஷ்போர்டுக்கு அடியில் மருமகன்

பழைய பிக்கப் வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறான் மருமகன். அவன் கால்கள் மட்டும் மறுபக்கக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்டியரிங்கின் முன்னால் மாமனார். இன்ஜின் ஓடுகிறது, ஆனால் சூடு, ஆயில், டீசல் காட்டும் முட்கள் மூன்றும் படுத்த படுக்கையாக இருக்கின்றன. நேற்று அவன் ஆசையாக ரேடியோ மாட்டிக் கொடுத்த பிறகுதான் இப்படி. "பாட்டு நல்லாத்தான் கேக்குது மாப்ள," என்கிறார் மாமனார், ரொம்ப மரியாதையாக. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாசலில் மாமியார் ஒரு கண்ணில் கட்டோடு நிற்கிறார். இன்று கட்டைப் பிரிக்க வேண்டும்; ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். போன தடவை ஏற்றத்தில் கொதித்து நின்ற வண்டி இது. சூட்டுமுள் அசையாமல் மாமனார் வண்டியை எடுக்கமாட்டார். "ஃபியூஸ் நல்லாருக்கு மாமா. மூணும் ஒண்ணா போச்சுன்னா ஒரே இடத்துலதான் கோளாறு..." என்று இழுக்கிறான். டார்ச் வெளிச்சத்தில் வயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே முறைக்கின்றன. அப்போது சட்டைப்பையிலிருந்து ஒரு திருகாணி நழுவி அவன் மூக்கில் விழுகிறது. நேற்று வேலை முடிந்ததும் மிச்சமானது. மிச்சம்தானே என்று பையில் போட்டது. டார்ச்சைத் திருப்பினால், மூன்று முட்களுக்கும் பொதுவான கறுப்பு எர்த் வயர் இரும்பைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது. வயரை இரும்போடு சேர்த்துத் திருகாணியை வைத்து முறுக்குகிறான். அங்கிருந்து முட்கள் தெரியாது; கிளட்ச்மேல் இறுகியிருக்கும் மாமனாரின் கால் பெருவிரல்தான் தெரிகிறது. அதையே பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். விரல் மெல்லத் தளர்கிறது. "ஏம்மா, வந்து ஏறிக்கோ," என்று வாசல் பக்கம் குரல் கொடுக்கிறார் மாமனார். பிறகு கீழே குனிகிறார். "மாப்ள, அந்தப் பாட்ட இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க."