பாதி அளவு

மணிக்கட்டுப் பட்டை இருபது நாளுக்கு ஒருமுறை பூங்கோதையின் புற்றுச்செல்களைப் படித்துச் சொல்லும். இன்று அது சிவந்தது.

"மருந்தை வெளியே இறைக்கும் பம்புகள் செல்களில் பெருகிவிட்டன. இருபது நாட்களாகப் பாதி அளவு மருந்துதான் சேர்ந்திருக்கிறது. செல்கள் அதற்குப் பழகிவிட்டன" என்றது பட்டை.

மருந்துக் குப்பியை நிரப்புவது அவள் கணவன் இளம்பரிதி.

"நீ வாந்தி எடுக்கறதப் பாக்க முடியல, கோதை. பாதிய சிங்க்ல ஊத்திட்டேன்" என்றான்.

இந்த இருபது நாட்களும் அவள் ருசித்துச் சாப்பிட்டாள். அவனும் எதிரில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. "அளவக் குறைச்சது யாரும்மா?"

அவன் வாய் திறப்பதற்குள், "நான்தான் டாக்டர். வேற மருந்து இருக்கா?" என்றாள்.

"இருந்தது இது ஒண்ணுதாம்மா" என்றார் டாக்டர். இளம்பரிதி அவள் கையைப் பிடிக்க வந்தான். அதை மட்டும் அவளால் கொடுக்க முடியவில்லை.