பெர்கமம் ராஜாவின் உயில்

“கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கறப்ப, நாட்டை எவனோ ஊரானுக்கு எழுதி வெச்சானா? என்ன மனுசன் அவன்!”

வெள்ளியங்கிரி டைனிங் டேபிளில் ஓங்கித் தட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த தம்பி சபரிநாதன் தோசைத் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

“ஹாஃப் பிரதர்தான் பெரியப்பா. கிங் அட்டாலஸுக்கு கிட்ஸ் இல்ல. ஸோ, பெர்கமமை ரோமுக்கே குடுத்துட்டார்,” என்றாள் சபரியின் மகள் வெண்பா. ஹிஸ்டரி ஹோம்வொர்க்காம். வேளை பார்த்து வந்து தொலைந்தது!

சபரி நாட்டை எழுதி வைக்கவில்லை, மகளை எழுதி வைத்திருந்தான். தனக்கும் மனைவிக்கும் ஏதாவது ஆகிவிட்டால் வெண்பாவை வளர்க்கும் பொறுப்பு பக்கத்து வீட்டு லிண்டாவுக்கு என்று போன மாதம்தான், வெளிநாட்டில் குடியேறிய இந்தக் காப்பெல் ஊரில் ஒரு வக்கீலிடம் உயில் எழுதினான். ஸ்கூல், சிநேகிதிகள் எல்லாம் இங்கேதான், காரணமெல்லாம் சரிதான். ஆனால் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கிய அண்ணன். பிள்ளையில்லாத அண்ணன்.

பொள்ளாச்சியிலிருந்து அவர் வந்து மூன்று நாள் ஆகிறது. வந்ததும் பெட்டியைத் திறந்து, முதல் மைசூர்பாகு பொட்டலத்தை, “இது லிண்டாவுக்கு,” என்று தனியாக எடுத்து வைத்தார். வாயாடி வெண்பா போனில் அளந்திருப்பாள் என்று சபரி நினைத்துக்கொண்டான்.

“ஏனுங்க, மாமாகிட்டச் சொல்லிப்போடுங்க,” என்று எழிலரசி கணவனின் காதில் கிசுகிசுத்தாள். “வேற யாராச்சும் சொல்லித் தெரிஞ்சா அசிங்கமுங்க.”

வெண்பா மாடிக்குப் போனதும் சபரி உயில் விஷயத்தை உளறிக் கொட்டிவிட்டான். முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

“தப்புப் பண்ணிட்டேனுங்கண்ணா. உங்களைக் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். சொல்றதுக்கு எனக்கு மூஞ்சியே இல்லீங்க.”

வெள்ளியங்கிரி மிச்சத் தோசையைச் சாப்பிட்டு முடித்தார். எழுந்துபோய்க் கை கழுவி, துண்டில் நிதானமாகத் துடைத்தார். பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவாரோ என்று சபரி அவர் பின்னாலேயே போனான்.

“நீ கேக்கல, சரி. ஆனா, ‘நீங்க சம்மதிச்சாத்தான் நான் ஒத்துக்குவேன்’னு அந்த லிண்டா போன மாசமே எனக்குப் போன் போட்டுக் கேட்டாடா.”