இரண்டாவது கன்ட்ரோலர்

"கலங்கரைதான்," என்றான் கணவன், யோசிக்கக்கூட இல்லாமல். "அந்தக் கடைசிக் கட்டம் இருக்கே, அடேயப்பா!"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

வருடத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆண்டு ஆடியதிலேயே பிடித்த வீடியோ கேம் எது என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். கல்யாணமானதிலிருந்து இருவருக்குள்ளும் இருக்கும் வழக்கம். பேசிப் பேசியே மற்றவரை ஒத்துக்கொள்ள வைப்பவருக்கு அன்று சமையலறைப் பக்கமே போக வேண்டியதில்லை. எறும்புகள் நகரம் கட்டும் கேமுக்காக அவள் நாலைந்து நாளாக வாதங்களைத் தீட்டி வைத்திருந்தாள்.

எல்லாம் மறந்துபோயின.

கலங்கரை, இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டிய கேம். ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கோபுரத்தில் ஏற வேண்டும். தனியாளாக ஒரு படிகூட நகர முடியாது. மழைக்காலத்தில் பாதி கோபுரத்தில் சண்டை வந்து, இருவரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

விட்டுவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

"கடைசிக் கட்டத்த நீ எப்போ பாத்த?"

"யாரோ வீடியோ போட்டிருந்தாங்கம்மா. சும்மா பாத்தேன்."

முடிவு தெரிந்துவிடுமே என்று பயந்து சினிமா விமர்சனத்தைக்கூடத் தொடாத ஆள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். காலையில்தான் குளித்திருந்தான்.

ரொட்டி வண்டி ஓட்டுபவனுக்கு மத்தியானமே வேலை முடிந்துவிடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவள் வீடு வந்து சேர இருட்டிவிடும். நடுவில் வீடு முழுக்க அவனுக்கு. கொஞ்ச நாளாக அவள் வரும்போதெல்லாம் இரண்டு கன்ட்ரோலர்களும் சார்ஜில் கிடந்தது இப்போதுதான் உறைத்தது. ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு?

பேக்கரியில் ஆர்டர் எடுக்கும் பெண்ணை அவன் 'தலைவி' என்பான். தலைவி இப்படிச் சொன்னாங்க, தலைவி அப்படிச் சிரிச்சாங்க. அந்தத் தலைவி இந்த சோபாவில், அவளுடைய மூலையில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவனுக்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் காட்சி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண்ணுக்குள் ஓடியது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் டிவியைப் போட்டு, கலங்கரையைத் திறந்தாள்.

கோபுரம் ஏறி முடிக்கப்பட்டிருந்தது. உச்சியில் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. அதன் அடியில் இரண்டு குட்டி உருவங்கள், கடலைப் பார்த்தபடி, தோளோடு தோள்.



இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தாள். அவளுடையது. வானத்தைப் பார்க்கலாமென்று கட்டைவிரலால் அதன் குச்சியை மேலே தள்ளினாள். திரை தரையைப் பார்த்தது. மறுபடி தள்ளினாள். உருவத்தின் காலணிகள்தாம் தெரிந்தன.

செட்டிங்கைத் திறந்தாள். இரண்டாவது ஆட்டக்காரருக்கு மட்டும் மேலும் கீழும் மாற்றி வைக்கப்பட்டிருந்தன. அவளும் இப்படி ஆடுவதில்லை, அவனும் ஆடுவதில்லை.

ஆக, வந்தது உண்மை. வசதியாக உட்கார்ந்து, தனக்குத் தோதாக மாற்றிக்கொண்டு ஆடியிருக்கிறாள்.

அதற்கு அடுத்த வரியில் இன்னொன்று. திரையில் வரும் எழுத்துகளின் அளவு: மிகப் பெரியது.

அவள் விரல் அங்கேயே நின்றது. காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படிப்பவர்களை நாள் முழுக்க எதிரில் உட்காரவைத்துப் பார்ப்பவள் அவள். தலைவி கல்லூரி முடித்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது.

இது வயதான கண்.

குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் மேலே போக வேண்டும் என்று எதிர்பார்க்கும் கை. காலமெல்லாம் அப்படியே இழுத்துப் பழகிப்போன கை.

துறைமுகத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள், மடியில் உட்கார்ந்திருந்த சிறுமியின் விரல்களைப் பொத்திப் பிடித்த கை. "இழு கண்ணு, மேல போகும். தள்ளு, கீழ வரும்."

அப்பா.

ரொட்டி வண்டிக்காரனை அவள் கட்டிக்கொண்ட அன்று, "உன் வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தவர். அவளுக்கும் அதே ரத்தம். அவளும் கூப்பிடவில்லை.

போன வாரம் அம்மா போனில் குரலைத் தாழ்த்திப் புலம்பினாள். "ரிட்டயர் ஆனதுலேருந்து மத்தியானமானா சட்டைய மாட்டிக்கிட்டு கிளம்பிடறாரு. கேட்டா வாக்கிங்காம். வாக்கிங்குக்கு யாராவது இஸ்திரி போட்ட சட்டை போடுவாங்களாடி? எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு."

அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருந்தாள்.

உச்சியில் நின்ற இரண்டு உருவங்களையும் இன்னொரு முறை பார்த்தாள். இப்போது அவற்றில் ஒன்று கொஞ்சம் கூன் போட்டு நிற்பதாகத் தோன்றியது. கலங்கிய கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம்.

எதையும் மாற்றாமல் டிவியை அணைத்தாள்.

அவன் தலையைத் துவட்டியபடி வந்தான். வந்த வேகத்திலேயே அவள் முகத்தை நோட்டம் விட்டான்.

"சரி, உன் கேமே ஜெயிச்சுது," என்றாள். "அடுத்த வருஷத்துக்கு மூணு பேர் ஆடுற மாதிரி ஒண்ணு பாரு."

துண்டு பாதித் தலையில் நின்றது.

"மூணு பேரா? மூணாவது யாரு?"

குரலில் சிரிப்பில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவன் தன் சோபாவில் வந்து உட்காரப்போகிறான் என்பதுபோல் பார்த்தான். சந்தேகம் அவன் முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.



"எழுத்து பெருசா வர்றதா பாத்து வாங்கு," என்றாள்.