ராசியான கப்பல்

“இன்னும் ரெண்டு கை போடுடா! தலையிலயும் போடு!”

ஏணியில் ஏறி வந்த நெமோதோ, மேல்தளத்தில் கால் வைத்ததும் நின்றான். சமையற்காரன் ஹிகுச்சி அவன் மேல் உப்பை வீசிக்கொண்டிருந்தான், சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர் மேல் தீட்டுக் கழியத் தூவுவதைப் போல.

“ராத்திரி சூப்புக்கு உப்பு மிச்சம் இருக்குமா?” என்றான் நெமோதோ.

“நக்கலா?” உப்புப் போடச் சொன்ன மாலுமிகளின் தலைவர் இகராஷி முறைத்தார். “இதுக்கு முன்னால எத்தனை கப்பல்ல இருந்தே?”

“மூணு.”

“மூணும் இப்ப எங்கே?”

“கடலுக்கு அடியில.”

சுற்றி நின்றவர்கள் சட்டென்று விலகினார்கள். இகராஷி அவன் சட்டைக் கையைப் பிடித்து நேரே கேப்டனிடம் இழுத்துப் போனார். குரே துறைமுகத்திலிருந்து சாயங்காலமே அந்த நாசகாரிக் கப்பல் தெற்கே போர்முனைக்குக் கிளம்புகிறது. அதற்குள் இவனை இறக்கியாக வேண்டும்.

“ஐயா, இவனை ஏத்தினா நாம முழுகிடுவோம். வேகத்துக்காகத் தகட்டை மெலிசாக்கி, அதுக்கு மேல பீரங்கியும் டார்பிடோவும் அடுக்கி வச்ச கப்பல் இது. ஒரே குண்டு போதும். ஆனா இதுவரைக்கும் ஒரு கீறல் விழுந்ததுண்டா? சண்டைக்குப் போனவங்கள்ல நாமதான் முழுசாத் திரும்பி வந்தோம். தண்ணியில தத்தளிச்சவங்கள்ல எத்தனை பேரை நானே கயிறு போட்டு இழுத்திருக்கேன்! அந்த ராசியை இவன் கெடுத்துடுவான்.”

“இருட்டுல இவன் அளவுக்குக் கண்ணு தெரியற காவலாளி கடற்படையிலேயே கிடையாது,” என்றார் கேப்டன். “எதிரியை முதல்ல பாக்கறவன்தான் பிழைப்பான். இவனை எப்படி விடறது?”

“இருநூறு பேர் உயிர் ஐயா!”

கேப்டன் நெமோதோவைச் சந்தேகத்தோடு பார்த்தார். “வேடிக்கை என்னன்னா இகராஷி, உனக்கு முன்னாடியே ஒருத்தன் இதையே கேட்டுட்டான்.”

“யாரு?”

“இவனேதான். உத்தரவு கைக்கு வந்ததுமே, எந்தக் கப்பல்னாலும் போறேன், இது மட்டும் வேண்டாம்னு மன்றாடினானாம். காரணம் கேட்டா வாயைத் திறக்கலையாம்.”

“பார்த்தீங்களா! ஏதோ உள்நோக்கம் இருக்கு. யாருடா நீ? எதை மறைக்கிறே?”

நெமோதோ இகராஷி பக்கம் திரும்பினான்.

“என்னை இன்னும் அடையாளம் தெரியலையா அண்ணே? மூணு தடவையும் என்னைத் தண்ணியிலிருந்து இழுத்துப் போட்டது நீங்கதான். மூஞ்சி பூரா எண்ணெய், அதான் தெரியல.”

இகராஷி அவன் சட்டைக் கையை விட்டார்.

“நான் இருந்த மூணு கப்பலும் முழுகினப்ப பக்கத்துலயே வந்துக்கிட்டிருந்தது இதுதான் ஐயா,” என்ற நெமோதோ, தோளில் ஒட்டியிருந்த உப்பை வழித்தெடுத்து, அந்தக் கப்பலின் தரையில் தூவினான்.