இருபத்தாறாம் தேதி கேக்

கேக்கில் ஒரு பக்கம் ஏற்கெனவே வெட்டித் தின்றாகியிருந்தது. பெட்டியைத் திறந்து அதைப் பார்த்ததும் மொரிவாகி அதை ஒரு சாண் தள்ளி வைத்தார்.

அன்று டிசம்பர் இருபத்தாறு. நேற்று வரை கடைத்தெருவில் கூவிக் கூவி விற்ற கிறிஸ்துமஸ் கேக் இன்று பாதி விலை, நாளை குப்பை. அதனாலேயே இருபத்தைந்து தாண்டியும் கல்யாணமாகாத பெண்ணுக்கு ஊர் வைத்திருந்த பெயரும் அதுதான்: கிறிஸ்துமஸ் கேக். மொரிவாகியின் மகள் சவாகோவுக்கு முப்பத்தொன்று.

அந்த வீட்டுக்குத்தான் இதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், அமெரிக்கப் பாதிரியார் ஆல்டனும் அவர் மனைவி வெர்னாவும்.

"நாங்கள் எழுந்தருளியிருக்கிறோம், மொரிவாகி," என்றார் பாதிரியார், பாயில் நெற்றி படக் குனிந்து. ஆறு வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும், மரியாதையை யாருக்கு வைப்பது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. நிமிர்ந்தவர் கைக்குட்டையை எடுத்துப் பலமாக மூக்கைச் சிந்தினார். சிந்தியதை நாலாக மடித்து மறுபடியும் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். மொரிவாகி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிழடுகள் இரண்டும் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. விடிந்ததும் சர்ச் வாசலோடு, யாரும் கேட்காமலே, அக்கம்பக்கத்து வாசலையும் பெருக்கும். மத்தியானம் அந்த அம்மாள் ஊர்ப் பெண்களைக் கூட்டிவைத்து ரொட்டி சுடச் சொல்லிக்கொடுப்பாள். டிசம்பர் வந்துவிட்டால் பாதிரியார் சிவப்புக் குல்லாயோடு ரயில் நிலையத்தில் நின்று, போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் துண்டுக் காகிதம் திணிப்பார். தெருவே வெண்ணெய் நாறுகிறது என்பார் மொரிவாகி.

சவாகோவும் அங்கே போய்வந்துகொண்டிருந்தாள். நேற்றும் பண்டிகை வேலை இருக்கிறது என்று காலையிலேயே போய்விட்டாள். இதுதானே கடைசி என்று அவர் பேசாமல் விட்டிருந்தார்.

ஏனென்றால் இன்று சாயங்காலம் தரகரம்மாள் வருகிறாள். மாப்பிள்ளை பக்கத்து ஊர்ப் பல் டாக்டர். மனைவியை இழந்தவர், வயது நாற்பத்தெட்டு, ஆனால் வம்சம் சுத்தம். பெண்ணைப் பற்றி ஊரில் ஏதாவது பேச்சு உண்டா என்று மட்டும் தரகரம்மாள் கேட்டிருந்தாள். கோட்டைக்கு வாளேந்திக் காவல் நின்ற தன் முன்னோர்மேல் ஆணையிட்டு, இல்லை என்றிருந்தார் மொரிவாகி. சவாகோ தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சம்மதத்துக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்?

இந்த நேரத்தில்தான் இந்தக் கேக். எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகியிருப்பது அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. வாசலில் சர்ச் வண்டி நின்றது. அதை ஓட்டி வந்தவன், புதுக் கறுப்புக் கோட்டோடு பனியில் நின்றுகொண்டு, வீட்டைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்தவன் இன்னும் நிமிரவில்லை. டிரைவருக்கு இருக்கிற மரியாதைகூட எஜமானுக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

கேக்கின் மேல் ஸ்ட்ராபெரி இல்லை, தாடித் தாத்தா பொம்மை இல்லை, மொட்டை வெள்ளை. பாதி விலைக்குக் கொடுத்தவன் பழத்தைக்கூடப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். இவரும் ஒரு வாய் சாப்பிட்டால்தான் தங்களுக்கு மனசு ஆறும் என்று அந்த அம்மாள் வேறு குழறிக் குழறிச் சொன்னாள். ஊரார் தின்ற மிச்சம், மொரிவாகி வீட்டுக்கு.

இருந்தாலும் வீடு தேடி வந்தவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சவாகோ ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். அதை அப்பாவிடம் தரவில்லை. எழுந்து போய் அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். ஊதுபத்தி கொளுத்தி, கைகூப்பி, வெகுநேரம் நின்றாள்.

மொரிவாகிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"எடு அதை. உங்கம்மாவுக்குப் படைக்கிற பொருளா இது, எச்சக் கேக்கு?"

"அம்மா சாப்பிடட்டும்பா," என்றாள் சவாகோ, திரும்பாமலே.

அவர் பாதிரியார் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அந்த வம்சத்தில் யாரும் வந்தவர்களிடம் குரலை உயர்த்தியதில்லை.

"வெளியூர்க்காரர், வழக்கம் தெரியாதுன்னு இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன். இது தெரியாம செஞ்சதில்ல. பொண்ணு இருக்கற வீடுன்னு தெரிஞ்சு, இருபத்தாறாம் தேதி பாத்து, வித்துப்போகாத கேக்க நடுத்தெருவுல தூக்கிட்டு வர்றீங்க. எம்பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கணுமா உங்களுக்கு?"

பாதிரியாருக்குப் பாதிதான் புரிந்தது. மனைவியைப் பார்த்தார். இருவரும் சவாகோவைப் பார்த்தார்கள்.

சவாகோ அப்பாவுக்கு எதிரே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் பட வணங்கினாள்.

"கல்யாணம் நேத்தே ஆயிடுச்சுப்பா. இது அந்தக் கேக்கு."